வெட்டாத பதிவுகள்

மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

அன்று அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இருந்தேன். நிமிடத்துக்கு ஒருதரம் கைக்கடிகாரம் பார்த்த டாக்டர் இருந்தார். "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிக்கொண்டே மூன்று இடத்தில் குத்திய நர்ஸ் இருந்தாள். பார்வையற்றோர் நூலகத்து அம்மா, நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றார். பக்கத்துக் கட்டில்காரி ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். தரை துடைக்கிறவள் வாளியோடு வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று இரண்டுதரம் கேட்டாள். கட்டிலில் என் மகள். அவ்வளவு பேர்தான்.

உங்களை எண்ணவில்லை. நீங்கள் வராந்தா பெஞ்சில் கணினியை மடியில் வைத்து, போனை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஆபீஸில் எந்த எந்திரம் விழுந்ததோ, அதை எழுப்பிக்கொண்டிருந்தீர்கள். என்னிடம்கூட அவள் வெந்நீர் வாங்கிவரச் சொன்னாள். பிளாஸ்க் நிறைய வெந்நீர் தலைமாட்டில் இருந்தது, மருந்து மயக்கத்தில் மறந்திருப்பாள். நான் நகரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். நீங்கள் பதினொரு நிமிடம் கழித்து வந்தீர்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அந்தப் போன் வழியாக உங்களோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று அன்று சொன்னேன். நாலு வருடமாகச் சொன்ன சொல்லில் நிற்கிறேன். அதனால்தான் தபால்.

எழுத வந்தது வேறு விஷயம். உங்கள் வாண்டு எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறாள். படத்தில் எனக்கு ஆறு விரல் போட்டிருக்கிறாள், போகட்டும். கீழே எழுதியிருக்கிறாள்: "பாட்டி, அம்மா ஒளிச்சேர்க்கையத் தவிர வேற எதாவது பேசுவாங்களா?"

அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பார்வையில்லாத பிள்ளைகளுக்காக என் மகள் பாடப்புத்தகம் வாசித்துக் கொடுத்தாளே, அந்தச் சுத்தம் செய்த பதிவுகள்தான் உங்களிடம் இருக்கின்றன. இருமல், தடுமாறியது, நான் பாத்திரம் போட்டது எல்லாவற்றையும் வெட்டித்தான் நூலகத்துக்குக் கொடுப்பாள். வெட்டாதவை இங்கே பின்னறைக் கணினியில் அப்படியே கிடக்கின்றன. வெளிச்சத்தம் புகாமலிருக்கச் சுவரில் அவள் சாய்த்துவைத்த மெத்தைகளைக்கூட நான் எடுக்கவில்லை.

அந்தக் கணினி ஒரு வாரமாக டிக், டிக் என்கிறது. பழுதுபார்ப்பவரைக் கூப்பிட்டேன். "கடைக்கு எடுத்துட்டுப் போறேம்மா, ரெண்டு நாள்ல காப்பி போட்டுத் தரேன்" என்றார். "உள்ள இருக்கறத நீ கேப்பியா?" என்றேன். "கேட்டாத்தானே சரியா வந்துச்சான்னு தெரியும்?" என்றார். காப்பி வேண்டாம், கதவைச் சாத்திவிட்டுப் போ என்று அனுப்பிவிட்டேன். பார்சலிலும் போடமாட்டேன். பிள்ளைக்கு நான் தைத்து அனுப்பிய மூன்று கவுன் இன்னும் வழியில்தான் இருக்கிறது. கடிதம் தொலைந்தால் இன்னொன்று எழுதலாம். இது தொலைந்தால் எங்கே போவேன்?

இங்கிருந்து உங்கள் வீட்டுக்கு அனுப்ப வழி சொல்லுங்கள். மாப்பிள்ளையாகச் சொல்ல வேண்டாம். அந்த வேலை தெரிந்தவராகச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
வாண்டுவின் பாட்டி


மார்ச் 11

அத்தைக்கு வணக்கம்.

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் மேசையில் வைத்துவிட்டு, பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்துதான் பிரித்தேன். அந்தப் பதினொரு நிமிடத்தைப் பற்றிப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். வேலையை மட்டும் எழுதுகிறேன்.

வந்து எடுத்துப் போகிறேன் என்று சொல்லத்தான் ஆசை. இங்கே பள்ளி விடுமுறை ஜூலையில். டிக் டிக் என்று சத்தம் வந்துவிட்டால், கணினிக்குள் பதிவுகள் இருக்கிற அந்த வட்டு சில வாரம்தான் ஓடும். வேண்டாத நேரத்தில் கணினியை அணைத்தே வையுங்கள்.

என் வீட்டில் ஒரு சின்னக் கணினியை இதற்கென்றே வைத்திருக்கிறேன். உங்கள் கணினியிலிருந்து இதற்குப் பூட்டிய வழியாகக் கோப்புகள் வரும். வழியில் யாரும் திறந்து கேட்க முடியாது, பழுதுபார்ப்பவர் உட்பட. வீட்டுக் கம்பி இணைப்பை நீங்கள் துண்டித்துவிட்டதால் உங்கள் போனின் இணையத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். போனைச் சார்ஜ் கம்பியால் கணினியில் செருகுங்கள். எதை அழுத்துவது என்று தனித்தாளில் படம் போட்டிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று முக்கியம். முதல்தரம் இணையும்போது என் கணினி தன் கைரேகையைக் காட்டும், கணினிக்கு அடையாளம் அதுதான். பதினாறு ஜோடி. எண்களும், ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் மட்டும். நாலு-ஏ, ஒன்பது-சி, பூஜ்யம்-ஏழு என்று தொடங்கும். முழுவதையும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். எல்லாம் பொருந்தினால் மட்டும் 'ஆம்' சொல்லுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் சொல்லக் கூடாது. நடுவழியில் வேறு யாராவது நான்தான் மாப்பிள்ளை என்று நிற்கலாம். நானே குறுஞ்செய்தியில் 'பரவாயில்லை' என்றாலும் நம்பாதீர்கள். என் கையெழுத்தில் வந்தால் மட்டும் நம்புங்கள்.

கடவுச்சொல்: உங்கள் மகளுக்கு நீங்கள் வைத்த பட்டப்பெயர். கோபம் வந்தால் கூப்பிடுவீர்களே, அது. இங்கே எழுதமாட்டேன்.

பாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. வந்து சேராவிட்டால் என்ன செய்வது?

தங்கள்,
மாப்பிள்ளை


மார்ச் 20

மாப்பிள்ளைக்கு,

உங்கள் தாள் வந்தது. கைரேகையை இரண்டு நாளில் மனப்பாடம் செய்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தியவர் என் பெரியப்பா. "பொட்டச்சிக்கு எதுக்கு?" என்றார். அவர் இருந்திருந்தால் எதிரில் உட்காரவைத்து பதினாறு ஜோடியையும் ஒப்பித்திருப்பேன்.

ஆனால் கைரேகை வரைக்கும் போகவே இல்லை. எல்லாம் நீங்கள் படம் போட்ட மாதிரியே செய்தேன். திரையில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு நிமிடம் கழித்து இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. கீழ்வீட்டுத் தையல்காரியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். நேரம் தாண்டிவிட்டது, அந்தப் பக்கம் யாரும் பதில் சொல்லவில்லை என்று இருக்கிறதாம்.

"உங்க மாப்பிள்ளை கதவத் தொறக்கலைங்க பெரியம்மா" என்றாள்.

"அவரு எப்பவுமே அப்படித்தான்" என்றேன்.

ஐந்துதரம் செய்தேன். ஜன்னலோரம் வைத்துச் செய்தேன். மொட்டைமாடிக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்றுகூட யோசித்தேன், தையல்காரிதான் இடுப்பைப் பிடித்து நிறுத்தினாள். அதே போனில் அவள் மகன் அனுப்பிய கல்யாண வீடியோ மட்டும் ஜம்மென்று ஓடுகிறது. உங்களிடம் மட்டும்தான் போகமாட்டேன் என்கிறது.

டிக் சத்தம் இப்போது சீராக இல்லை. நடுவில் நிறுத்தி, யோசித்து, மறுபடி அடிக்கிறது. சீக்கிரம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாண்டுவின் பாட்டி


மார்ச் 28

அத்தைக்கு,

என் தவறு. கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன், ஆனால் உங்கள் போன் கம்பெனி அந்தக் கதவுக்குப் போகிற தெருவையே அடைத்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு வகை வேலைக்கும் ஒரு கதவு எண் உண்டு. கோப்பு அனுப்பும் கதவு இருபத்திரண்டு. பல கம்பெனிகள் அதைச் சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிடுகின்றன. இல்லை என்றும் சொல்வதில்லை, அதனால்தான் கோடு சிமிட்டிக்கொண்டே நின்றது. கல்யாண வீடியோ போகிற கதவு நானூற்று நாற்பத்து மூன்று. அதை மூடினால் ஊரே சண்டைக்கு வரும், எனவே மூடமாட்டார்கள். என் கணினியை இப்போது அந்தக் கதவிலும் காத்திருக்க வைத்திருக்கிறேன். படத்தில் சிவப்பு வட்டம் போட்ட இடத்தில் 22-ஐ அழித்து 443 என்று எழுதுங்கள். கணினி அதேதான், கைரேகையும் அதேதான்.

பாப்பா முன்பல் இரண்டும் விழுந்து, காற்று போகப் பேசுகிறாள். நேற்று கண்ணாடி முன்னால் நின்று "தாவரங்கள் சூரிய ஒளியைப் பயன்படுத்தி" என்று அவள் அம்மா குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த இழுவை, அந்த இடைவெளி, எல்லாம் அப்படியே. நான் உள்ளே போகாமல் வெளியே நின்றேன்.

தங்கள்,
மாப்பிள்ளை


ஏப்ரல் 6

மாப்பிள்ளைக்கு,

கதவு திறந்தது. கைரேகை வந்தது. தையல்காரி திரையைப் பார்த்துச் சொல்ல, நான் கண்ணை மூடிக்கொண்டு சரி, சரி என்று பதினாறுதரம் சொன்னேன். பிறகு அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கடவுச்சொல்லை அடித்தேன். எவ்வளவு வருடமாயிற்று அந்தப் பேரை நான் கூப்பிட்டு. இரண்டாவது தடவைதான் சரியாக வந்தது.

அறுபத்து நாலு பதிவு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவள் எழுதிவைத்த சின்னக் குறிப்பு ஒன்று. குறிப்புகள் அறுபத்து நாலும் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டன. உங்களுக்கு வந்திருக்கும். திரையில் எழுத்து எனக்குப் பொடி, தையல்காரியைக் கூப்பிட்டு ஒன்றைப் படிக்கச் சொன்னேன். "பதிவு பன்னிரண்டு, ஜீரண மண்டலம். நாலாம் நிமிடம் அம்மா பாத்திரம். ஏழாம் நிமிடம் நான் ஏப்பம். வெட்டணும்." இருவரும் சிரித்தோம். வாயில் எதுவும் நிற்காது அவளுக்கு, கையிலும் நிற்காது என்று தெரிகிறது. நடந்தது ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாள்.

ஆனால் பதிவு ஒன்றுகூடப் போகவில்லை. அனுப்பு என்றால் பூஜ்யம் என்று காட்டிவிட்டு அங்கேயே நிற்கிறது. சின்னது போகிறது, பெரியது வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறது. கொஞ்சம் விட்டுப் பார்க்கலாம் என்று சமைக்கப் போனால், திரும்பி வருவதற்குள் தொடர்பே அறுந்துபோய், மறுபடி முதலிலிருந்து கடவுச்சொல் கேட்கிறது. ஒரே நாளில் என் மகளை ஒன்பதுதரம் திட்டவைத்துவிட்டது உங்கள் எந்திரம்.

நேற்று கணினி ஒருதரம் எழுந்திருக்கவே இல்லை. அணைத்து, தட்டிக்கொடுத்து, மறுபடி போட்டேன். எழுந்தது.

இப்படிக்கு,
பாட்டி


ஏப்ரல் 14

அத்தைக்கு,

குறிப்புகள் எல்லாம் வந்துவிட்டன. இன்னும் திறக்கவில்லை. தைரியம் வரவில்லை.

இரண்டு கோளாறு இருக்கிறது. முதலாவது: பெரிய கோப்பைக் கணினி மூட்டை மூட்டையாகக் கட்டி அனுப்பும். ஒரு மூட்டையின் அளவு ஆயிரத்து ஐந்நூறு. போன் வழியில் எங்கோ ஒரு இடம் குறுகலாக இருக்கிறது. அதற்குள் நுழையாத மூட்டையை அங்கே இருக்கிற எந்திரம் கீழே போட்டுவிடுகிறது. போட்டேன் என்றும் சொல்வதில்லை. உங்கள் கணினி அதே பெரிய மூட்டையைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டு நிற்கிறது. குறிப்புகள் சின்ன மூட்டை, தப்பித்துவிட்டன. நான் படம் போட்ட இடத்தில் 1500-ஐ 1300 என்று மாற்றினால் போதும். அவ்வளவுதான் வேலை. அவ்வளவேதான்.

இரண்டாவது: கொஞ்ச நேரம் இரு பக்கமும் பேசாமல் இருந்தால் போன் கம்பெனி அந்தத் தொடர்பை மறந்துவிடும். அதனால் முப்பது நொடிக்கு ஒருதரம் உங்கள் கணினி என் கணினியை 'இருக்கியா?' என்று கேட்கும்படி வைக்க வேண்டும். 'இருக்கேன்' என்று இது சொல்லும். அதற்கும் படம் போட்டிருக்கிறேன். அப்படியும் அறுந்தால் கவலை வேண்டாம், 'தொடர்' என்பதை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து போகும்.

இந்த வாரம் இங்கே மின்சாரம் போய்ப் போய் வந்து, அந்தச் சின்னக் கணினி படுத்துவிட்டது. புதிதாக எல்லாவற்றையும் ஏற்றி எழுப்பிவிட்டேன், பயப்பட வேண்டாம்.

தங்கள்,
மாப்பிள்ளை


ஏப்ரல் 23

மாப்பிள்ளைக்கு,

முப்பது நொடிக்கு ஒருதரம் இருக்கியா என்று எந்திரம் கேட்கிறதாம். எனக்கு மட்டும் நாலு வருடம்.

ஆயிரத்து முன்னூறு போட்டேன். இருக்கியா போட்டேன். தொடர்பு கொடுத்தேன். திரை முழுக்கப் பெரிய எழுத்தில் ஏதோ அலறிக்கொண்டு வந்தது. தையல்காரிக்கே முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பக்கம் இருக்கிற எந்திரத்தின் கைரேகை மாறிவிட்டது, யாரோ மோசம் செய்யலாம் என்று இருக்கிறதாம். புதுக் கைரேகையைப் படிக்கச் சொன்னேன். முதல் ஜோடியே எஃப்-இரண்டு. நாலு-ஏ எங்கே, எஃப்-இரண்டு எங்கே?

"பழச மறந்துட்டு ஆம்னு சொல்லிடலாம் பெரியம்மா, உங்க மாப்பிள்ளை வீடுதானே?" என்றாள்.

"அது அவரு வீடுதான்னு உனக்கு யார் சொன்னா?"

அவள் என்னைக் கேட்காமல் தன் போனிலிருந்து உங்களுக்குச் செய்தி அனுப்பினாள். நீங்களும் உடனே பதில் போட்டீர்கள். 'ஆமாம் அத்தை, நான்தான், மாறியது சரிதான், ஆம் சொல்லுங்கள்' என்று. அவள் திரையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நான் உங்கள் மார்ச் பதினொன்றாம் தேதிக் கடிதத்தை எடுத்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். 'நானே குறுஞ்செய்தியில் பரவாயில்லை என்றாலும் நம்பாதீர்கள்.' உங்கள் கையெழுத்து. அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள்.

கணினியை அணைத்துவிட்டேன். அதற்குள் அது மூன்றுதரம் நின்று நின்று ஓடியது. தையல்காரி "பொண்ணு குரல் போயிட்டா யாரு பொறுப்பு?" என்று கேட்டுவிட்டுக் கீழே போனாள். போனால் போகட்டும் என்று நான் இருக்கவில்லை, மாப்பிள்ளை. அன்று முழுக்க அந்தக் கணினி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் முன்பின் தெரியாத எந்திரத்துக்கு என் மகளைக் கொடுக்கமாட்டேன்.

உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள்.

பாட்டி


ஏப்ரல் 30

அத்தைக்கு,

நீங்கள் செய்ததுதான் சரி. நான் செய்ததுதான் தப்பு. கணினியைப் புதிதாக ஏற்றினால் கைரேகையும் புதிதாகும், அதை உங்களுக்கு எழுத மறந்தேன். பிறகு அவசரத்தில், செய்யாதீர்கள் என்று நானே சொன்னதைச் செய்யச் சொன்னேன். என் ஆபீஸில் முப்பது பேருக்கு இதைத்தான் வருடாவருடம் பாடம் நடத்துகிறேன். ஒருவரும் உங்களைப் போல் நின்றதில்லை.

புதுக் கைரேகை பின்பக்கத்தில் இருக்கிறது. எஃப்-இரண்டில்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு ஜோடியையும் திரையைப் பார்த்து எழுதி, மறுபடி கீழிருந்து மேலாக ஒத்துப் பார்த்தேன்.

சொன்ன சொல்லை நீங்கள் இப்படிக் காப்பவர் என்றால், நான் சொல்லாததையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

அன்று ஆபீஸில் எந்த எந்திரமும் விழவில்லை. நீங்கள் டாக்டரோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது அவள் என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "பின்னறைக் கணினியில அம்மா சிரிக்கிற பதிவு ஒண்ணு இருக்கு. கேக்கணும் போல இருக்கு. எடுத்துட்டு வாங்களேன்" என்றாள். அப்போது உங்கள் வீட்டில் கம்பி இணைப்பு இருந்தது. போனைக் கணினியில் செருகி வராந்தாவில் உட்கார்ந்தேன். இணைந்துவிட்டது. அறுபத்து நாலு பெயரும் திரையில் வந்தன. ஒன்றைத் தொட்டால் பூஜ்யத்தில் நின்றது. அடுத்ததைத் தொட்டேன். நின்றது. சிக்னல் இல்லை என்று நினைத்துப் போனை ஜன்னலில் தூக்கிப் பிடித்தேன். பதினொரு நிமிடம்.

அதே ஆயிரத்து முன்னூறு, அத்தை. உங்களுக்கு ஒரு வரியில் எழுதியது. பதினைந்து வருடமாக இதே வேலை செய்கிறேன், அன்று எனக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இரண்டு நிமிடத்தில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்திருப்பேன்.

பக்கத்தில் நீங்கள் இருக்கும்போதே உங்கள் சிரிப்பைப் பதிவில் கேட்டாள் என்று உங்களிடம் எப்படிச் சொல்வது? அதனால் ஆபீஸ் வேலை என்றே நீங்கள் நினைக்கட்டும் என்று விட்டேன்.

மாப்பிள்ளை


மே 9

மாப்பிள்ளைக்கு,

கைரேகை சரி. பதினாறும் சரி. ஆம் சொல்லிவிட்டேன். முதல் பதிவு பூஜ்யத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று நகர்ந்தபோது தையல்காரி ஊசியைக் கையில் வைத்தபடியே குதித்தாள். இரண்டு நாளாகப் போய்க்கொண்டிருந்தது. அறுந்தால் தொடர் அழுத்தினேன். அறுபத்திரண்டாவதில் இருக்கும்போது கணினியிலிருந்து கிரீச்சென்று ஒரு சத்தம் வந்தது, திரை கறுத்துவிட்டது. இனி அது எழுந்திருக்காது. எனக்குத் தெரியும்.

வந்தவரைக்கும் பத்திரமா என்று எழுதுங்கள்.

மற்றதைப் பற்றி இப்போது எழுதமாட்டேன். உங்கள் தாளை நாலுதரம் படித்துவிட்டேன்.

பாட்டி


மே 19

அத்தைக்கு,

அறுபத்தொன்று முழுசாக வந்துவிட்டது. வந்ததுமே மூன்று இடத்தில் பிரதி எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் பாப்பாவைச் சோபாவில் உட்காரவைத்துப் போட்டேன். பதிவு எட்டு. "நீர் ஆவியாகி மேகமாகிறது" என்று அவள் ஆரம்பித்தாள். பாப்பாவின் முகம் வாடிவிட்டது, மறுபடி பாடம்தானா என்று. உடனே டமார் என்று ஒரு பாத்திரம். "அம்மா! ஒரு மேகம் உருவாகறதுக்குள்ள ஒன்பது பாத்திரம் போடறியேம்மா! மெதுவா வைம்மா!" பாப்பா என்னைப் பார்த்தாள். "அம்மா திட்டறாங்க!" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். பதினேழுதரம் போடச் சொன்னாள். இப்போது நான் தட்டு கழுவினால் "மெதுவா வைப்பா" என்கிறாள்.

பதிவு நாற்பதில், பாதியில் நிறுத்தி, "ஏய், உதைக்காதே, மைக் ஆடுது" என்கிறாள். யாரிடம் பேசறாங்க என்று பாப்பா கேட்டாள். உன்னிடம்தான், நீ வயிற்றில் இருந்தாய் என்றேன். அவள் போய் ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அப்ப அந்தப் பதிவுல நானும் இருக்கேனா?"

இருக்கிறாய் என்றேன்.

அறுபத்தொன்றையும் கேட்டுவிட்டேன், அத்தை. நீங்கள் சிரிக்கிற பதிவு அதில் இல்லை. வராமல் போன மூன்றில்தான் அது இருந்திருக்க வேண்டும். அன்றும் கிடைக்கவில்லை, இன்றும் கிடைக்கவில்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆறவில்லை.

தங்கள்,
மாப்பிள்ளை


மே 28

மாப்பிள்ளைக்கு,

நான் பாத்திரம் போட்ட பழி பிள்ளை காது வரைக்கும் போய்விட்டது, பரவாயில்லை, ஏற்றுக்கொள்கிறேன்.

இப்போது மற்றது. அந்தச் சின்னக் குறிப்புகளை நீங்கள் இன்னும் திறக்கவில்லை என்று தெரிகிறது. நான் உங்கள் தாள் வந்த அன்றே, கணினி சாவதற்கு முன்னால், தையல்காரியை உட்காரவைத்து அறுபத்து நாலையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். என் மனதில் இருக்கிறது, ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பிப்பேன். பாத்திரம் பத்தொன்பது தரம். என் தும்மல் ஆறு. தெருவில் நாய் நாலு. பால்காரர் மணி இரண்டு. அறுபத்திரண்டாவது மண் அரிப்பு, தொண்டை கட்டியிருந்தது, பாதியில் விட்டிருக்கிறாள். அறுபத்து மூன்று கிரகணம், இரண்டு இடத்தில் இருமல். அறுபத்து நாலு எலும்புகள், ஒரே மூச்சில் வாசித்திருக்கிறாள், வெட்ட ஒன்றுமில்லை. ஏப்பத்தைக்கூட விடாமல் எழுதியவள் என் சிரிப்பை எழுதாமல் விடுவாளா?

அந்தப் பின்னறைப் பக்கம் நான் சிரித்ததே இல்லை, மாப்பிள்ளை. அவள் வாசிக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் சமையலறையில் நிற்பேன். சிரித்திருந்தால் அவள் என்னைக் கொன்றே போட்டிருப்பாள். அப்படி ஒரு பதிவு கிடையாது. அந்த மூன்றிலும் இல்லை. எதிலும் இல்லை.

அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு கடைவாய்ப்பல் பிடுங்கினார்கள். அவள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவருக்குத்தான் உடம்பு நடுங்கியது. "அப்பா, எனக்கு ஒரு பச்சை பென்சில் வேணும், இப்பவே வேணும்" என்றாள். மனுஷன் மூன்று தெரு ஓடினார். வாங்கிக்கொண்டு வந்தபோது பல் கிண்ணத்தில் கிடந்தது, இவள் வாயில் பஞ்சோடு சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பெட்டியில் சீவாத பச்சை பென்சில் இரண்டு. "அப்பா பாத்தா அழுதுடுவாருமா" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அதை அன்று சாயங்காலமே தெரு முழுக்க அவளே சொல்லிவிட்டாள், அது வேறு விஷயம்.

உங்களைப் பென்சில் வாங்க அனுப்பியிருக்கிறாள்.

என்னையும் அனுப்பப் பார்த்தாள். பிளாஸ்க் நிறைய வெந்நீர் தலைமாட்டில் இருந்ததே. மயக்கம் என்று நாலு வருடமாக நினைத்தேன். மயக்கமில்லை. நான் அசையமாட்டேன் என்று தெரிந்ததும் என் முகத்தை ஒருதரம் பார்த்தாள். சரி, நீ இரு என்கிற மாதிரி. அந்தப் பார்வைக்கு இப்போதுதான் எனக்கு அர்த்தம் தெரிகிறது.

ஆயிரத்து முன்னூறு போட்டிருந்தாலும் ஆயிரத்து ஐந்நூறு போட்டிருந்தாலும் அன்று உங்களால் எதையும் கொண்டுவந்திருக்க முடியாது. இல்லாததை எந்த வழியாகக் கொண்டுவருவது? அந்தப் பதினொரு நிமிடமும் அவள் உங்களுக்குக் கொடுத்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தீர்கள். அந்த அறையில் இருந்தவர்களில் உங்களையும் இன்று சேர்த்துவிட்டேன்.

ஜூலையில் இரண்டு பேரும் வாருங்கள். எந்த வண்டி, எத்தனை மணி என்று முன்னாலேயே சொல்ல வேண்டும். கடிதம் வர ஒரு வாரமாகிறது, அது சரிப்படாது. போன் பண்ணுங்கள். எடுக்கிறேன்.

மெத்தைகளைச் சுவரிலிருந்து எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன். நீங்கள் படுக்க வேண்டுமே.

நாலு வருடமாக ஒரு பட்டியல் வைத்திருந்தேன். கடிகாரம் பார்த்த டாக்டர், அவருக்கு இன்னும் எத்தனை கட்டில் காத்திருந்ததோ, விட்டுவிட்டேன். மூன்று இடத்தில் குத்திய நர்ஸ், நரம்பு கிடைக்காமல் அவளும்தான் வியர்த்தாள், விட்டுவிட்டேன். ஆரஞ்சுக்காரிக்குப் பசித்திருக்கும். என் பெரியப்பாவைக்கூட விட்டுவிடலாம் என்றிருக்கிறேன், அவர் படிப்பை நிறுத்தியும் நான் எஃப்-இரண்டு வரைக்கும் வந்துவிட்டேன்.

ஒரே ஒருத்தியை மட்டும் மன்னிக்க முடியவில்லை. ஊருக்கே தம்பட்டம் அடிப்பவள், வாழ்நாளில் ஒரே ஒரு ரகசியத்தைக் கட்டிக் காத்தாள், அதையும் என்னிடமிருந்து காத்தாள். எனக்கு முன்னால் போனாள். அவள் பேரை எழுதினால் கடவுச்சொல் வெளியே போய்விடும் என்பீர்கள். மாற்றிக்கொள்ளுங்கள், நான் எழுதத்தான் போகிறேன். ஜென்மத்துக்கும் நான் மன்னிக்கமாட்டாத அந்த ஒருத்தி, என் ஓட்டைவாய்.